பாலு அண்ணன் உட்கார்ந்த இடங்கள்

செய்தி வந்தபோது நான் ஓமானில், சோஹார் கட்டுமான சைட்டில் நின்றுகொண்டிருந்தேன். காலை பத்து மணி, டீ நேரம். ஜாஃபர் அந்த நேரத்தில் கூப்பிடுகிறவன் அல்ல. மஸ்கட் ரூவியில் அவனுடைய மொபைல் கடை திறக்கிற வேளை அது. "கோபாலு, எங்க நிக்கிறே? மொதல்ல எங்கயாச்சும் உக்காரு" என்றான். நான் உட்காரவில்லை. "யாருடா?" என்றேன். "பாலு அண்ணன். ஸ்டோர்ல நாற்காலியில உக்காந்தபடியே போயிட்டாரு." யாரென்று கேட்டேனே தவிர, அவன் பெயரைச் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்பதை அவரை அறிந்த உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ரூவியில் பாலு அண்ணனைத் தெரியாத தமிழர் குறைவு. அறந்தாங்கிக்காரர். ஒரு கட்டுமானக் கம்பெனியில் பதினெட்டு வருடம் ஸ்டோர் கீப்பர். ஒரே ஒரு ஆணி கேட்டாலும் "எதுக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்துத் தருவார். அதே மனிதர், ரூமுக்குப் புதிதாக ஒருவன் வந்தால் தன் கட்டிலைக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் தரையில் படுப்பார். இதெல்லாம் உங்களுக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாதது வியட்நாமில் நடந்தது.

அந்தப் பயணம் அவருடைய யோசனை. "லீவுன்னா ஊரு. ஊருன்னா கல்யாணம், காதுகுத்து, பத்திரப் பதிவு. ஒரு தடவையாச்சும் யாரும் நம்மளத் தேடாத இடத்துக்குப் போவோம்டா" என்றார். பெருநாள் விடுமுறையில் அவரும் ஜாஃபரும் நானும் ஆளுக்கொரு முதுகுப்பையோடு கிளம்பினோம். அவர் பையில் ஒரு கட்டு குபூஸ் ரொட்டி, ஆவக்காய், இட்லிப்பொடி, அதற்குமேல் சுற்றி நைலான் கயிறு. "ஏண்ணே, நாம போறது வியட்நாமா அறந்தாங்கியா?" என்று ஜாஃபர் கேட்டான். "சிரிங்கடா, மூணாம் நாளு எங்கிட்டதான் வருவீங்க" என்றார். இரண்டாம் நாளே போய் நின்றோம்.

ஹனோயில் நாங்கள் தங்கிய விடுதி நான்காம் மாடியில், லிஃப்ட் கிடையாது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நில்லுங்கடா, ரூம் எங்கயும் போயிடாது." நான் அவர் பையையும் வாங்கி மாட்டிக்கொண்டு, "வயசாயிருச்சுண்ணே உமக்கு" என்று கிண்டல் செய்தபடி மேலே போனேன். ஜாஃபர் அதைப் படம் எடுத்தான். படத்தில் பாலு அண்ணன் சிரிக்கிறார். இடது கை மட்டும் சட்டைப் பைக்கு மேல் அழுந்தியிருக்கிறது. அன்றைக்கு அது என் கண்ணில் படவில்லை.

நின் பின் என்ற ஊரில் மலைமேல் ஏறுகிற கற்படிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. பாதி ஏறியதும் அவர் முகம் சாம்பல் பூத்துவிட்டது. குளிர்ந்த காற்று வீசிக்கொண்டிருந்தது. அவர் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. ஜாஃபர் மேலே போய்விட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அண்ணே, இது சாதாரணக் களைப்பு இல்ல. எத்தன நாளா இருக்கு?" அவர் கீழே வயல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாலஞ்சு மாசமா. யார்ட்டயும் சொல்லிப்புடாத. அடுத்த மாசம் எனக்கு விசா புதுப்பிக்க மெடிக்கல். இப்ப ஆஸ்பத்திரிக்குப் போயி எதுலயாச்சும் பதிவாயிருச்சுன்னா அன்ஃபிட்டுன்னு எழுதிருவான். கலாஸ், அம்புட்டுதான். மவ படிப்பு இன்னும் ரெண்டு வருசம் இருக்குடா." மெடிக்கல் முடிந்த மறுநாளே டாக்டரிடம் வருவதாகச் சொன்னார். நான் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னேன். அதற்குக் கையடித்துக் கொடுத்தோம்.

ஹோய் ஆன் ஊருக்கு வெளியே வயல்வெளியில் வாடகை சைக்கிளில் போனோம். எங்கே பார்த்தாலும் பச்சை. பாலு அண்ணன் குழந்தை மாதிரி மணியடித்துக்கொண்டே போனார். திடீரென்று சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். கரும்புச்சாறு விற்கிற பெண் ஒருத்தி ஓடிவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு தன் நெஞ்சில் கை வைத்து, அவரைக் காட்டி, சாலைப் பக்கம் கையை வீசி வீசி என்னவோ சொன்னாள். "கரும்புச்சாறு நெஞ்சுக்கு நல்லதாம்ணே" என்றான் ஜாஃபர். மூன்று பேரும் சிரித்தோம், ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்தோம். அவள் சிரிக்கவில்லை. நாங்கள் திருப்பத்தில் மறைகிறவரை சாலையிலேயே நின்றாள். மொழியே தெரியாத ஒருத்திக்குப் புரிந்தது, கூடவே திரிந்த எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்றுகூடச் சொல்ல மாட்டேன். எனக்குப் புரிந்திருந்தது, அந்த நாளைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

மஸ்கட் திரும்பி இரண்டு வாரத்தில் அவருக்கு மெடிக்கல் நடந்தது. வியாழக்கிழமை மத்தியானம் என் போனில் அவர் குரல் துள்ளியது: "ஃபிட்டுடா தம்பி! பாத்தியா? நீ வேற சும்மா பயமுறுத்திக்கிட்டே இருந்தே." அன்று ரூமில் பிரியாணி. நானும் அப்பாடா என்று இரண்டு தட்டு சாப்பிட்டேன். நின் பின் படியில் கையடித்ததை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சர்க்காரே ஃபிட் என்று சொல்லிவிட்ட ஆளை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போக என்ன அவசியம் என்று இருந்துவிட்டேன்.

அவருடைய உடலை ஊருக்கு அனுப்பும் காகிதங்களுக்காக ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது அங்கிருந்த மலையாளி நர்ஸிடம் அந்த மெடிக்கலைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு நடந்தது ரத்தப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும்தான் என்றார். தொற்று நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதயம் எப்படி ஓடுகிறது என்று அங்கே யாரும் பார்க்கவில்லை. எதற்குப் பயந்து நாலைந்து மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்தாரோ, அங்கே அதைத் தேடவே இல்லை. அடப்பாவி மனுசா! ஒளியவும் தேவையில்லை, ஃபிட் என்ற அந்த ஒரு சொல்லை நம்பி ஆடியிருக்கவும் தேவையில்லை. நாம் எத்தனை பேர் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அடுத்த மெடிக்கல்வரை இரண்டு வருடம் நிம்மதியாக இருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஊரிலிருந்து அண்ணி கூப்பிட்டார். "தம்பி, நீங்க அனுப்புன வியட்நாம் படத்தையெல்லாம் மவ பெருசு பண்ணிக் காட்டுனா. எல்லாப் படத்துலயும் அவுக உக்காந்தே இருக்காகளே, ஏன்?"

பொய் ஒன்று வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, படி, மலை, வரப்பு எல்லாவற்றையும் சொன்னேன். "ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல தம்பி. நான் கழுத்தப் புடிச்சு இழுத்தாந்திருப்பேன்" என்றார். அழுதுகொண்டுதான் சொன்னார். கொஞ்சம் பொறுத்து, "நீங்க பாத்துக்கிட்டீகளா ஒங்க நெஞ்ச? ஜாஃபர் தம்பி பாத்துச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "போயிப் பாருங்க. பாத்துட்டு எனக்குப் போன் போடுங்க."

பாலு அண்ணனின் முதுகுப்பை இப்போது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, கயிறோடு. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதை அல்ல, நின் பின் படியில் கையடித்துவிட்டு நிறைவேற்றாமல் விட்ட வாக்கை. அண்ணி பேசிய மறுநாள் காலை ஜாஃபரைக் கூட்டிக்கொண்டு ரூவியில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். கிளினிக் முதல் மாடியில். பாதிப் படியில் அவன் நின்றான். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தான். "இருடா கோபாலு, டாக்டர் எங்கயும் போயிடமாட்டாரு" என்று சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினேன்.