ரப்பர் அக்கா கேட்ட பெட்டி

அரங்கத்து ஆட்கள் எல்லாரும் அவளை ரப்பர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மேஜிக்காரரின் மனைவி. அவர் ரம்பத்தால் அறுக்கிற பெட்டிக்குள் இருபத்திரண்டு வருஷமாக முழங்காலை மோவாயோடு ஒட்டிக்கொண்டு மடங்கிக் கிடந்தவள். நாற்பத்தேழு வயதில் அந்த ரப்பர் இறுகிப் போயிருந்தது. படி ஏறினால் மூட்டு நறநறக்கும்.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் மகள் ஒரு யோசனையோடு வந்தாள். கம்ப்யூட்டரில் ஆள் உருவம் செய்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. அத்தையை நாலா பக்கமும் கேமரா வைத்துப் படம் பிடித்துவிட்டால், மேடையில் வெளிச்சத்தாலேயே ஒரு அத்தையை நிறுத்தலாம், அறுக்கலாம், பறக்கவிடலாம், நிஜ அத்தை வீட்டிலேயே இருக்கலாம் என்றாள். மேஜிக்காரர் யோசித்தார். ரப்பர் அக்கா யோசிக்கவே இல்லை.

படம் பிடிக்க மூன்று நாள். அசைவைக் கேமரா பிடிக்க உடம்பெல்லாம் புள்ளி ஒட்டிக்கொண்டு நில், குனி, மடங்கு, இன்னொரு தடவை மடங்கு. கடைசி நாள் செருப்பு மாட்டக்கூடக் குனிய முடியவில்லை, கணவர்தான் மாட்டிவிட்டார். இதோடு விட்டது சனி என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் காட்சியைக் கூட்டத்தோடு உட்கார்ந்து பார்த்தாள். மேடையில் அவளே, பத்து வயது குறைந்து, இரண்டு துண்டாகி, கால் மட்டும் தனியாக நடந்து போனது. ஆனால் கைதட்டல் பிசுபிசுத்துவிட்டது. பக்கத்து இருக்கைக்காரர் தன் மனைவியிடம், "எல்லாம் கம்ப்யூட்டர் வேலை, ஆளே இல்ல" என்று சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டார். அடுத்து என்ன வரும் என்று ரப்பர் அக்காவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எழுந்திருக்க மனமில்லாமல் விளக்கு போட்ட பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் நாத்தனார் மகள் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். கடைசியில் நிஜ ஆள் பெட்டியிலிருந்து எழுந்து வந்தால்தான் ஜனம் நம்பும். அதுவரை உள்ளேயே இருக்க வேண்டும். முன்பு நாலு நிமிஷம், இப்போது இருபது. மேஜிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளிய தெரியறது பூரா வெளிச்சம்தானே?" என்று ரப்பர் அக்கா கேட்டாள். "பெரிய பெட்டியச் சின்னதா காட்ட முடியுமா?"

"முடியும் அத்தை."

"அப்போ நான் எதுக்கு மடங்கணும்?"

பெட்டியைப் பற்றி இதுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை. அவளும் வாய் திறந்ததில்லை.

"வலிக்குதுன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார் மேஜிக்காரர்.

"சொன்னா மட்டும் பெட்டி பெருசாயிருக்குமாங்க?"

தச்சர் வந்து அவளை உட்காரவைத்து அளவெடுத்தார். முதுகுக்கு மெத்தை, உள்ளே சின்ன மின்விசிறி. பார்க்கிறவர்களுக்கு அது பழைய ஒடுக்கமான பெட்டிதான்.

இப்போது கைதட்டல் வருகிறது. வாரத்துக்கு ஐந்து காட்சி. அவள் நினைத்த ஓய்வு கிடைக்கவில்லை, மூட்டுவலியும் போகவில்லை. தலைக்கு மேலே அவள் உருவம் துண்டு துண்டாகப் பறக்கும்போது, உள்ளே காலை நீட்டி உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொள்கிறாள். சில நாள் அப்படியே கண்ணயர்ந்துவிடுகிறாள். கணவர் வசனம் பேசிக்கொண்டே பெட்டியைத் தட்டி எழுப்புகிறார்.