அழிச்சாலும் வர்ற மழைக்கோட்டு

பேயி பிசாசெல்லாம் நான் நம்புறவன் இல்லைங்க. மலை மேல தானா ராத்தாங்கிற டவுன்ல ஹேண்ட்போன் ரிப்பேர் கடை வெச்சிருக்கேன், எதுக்கும் ஒரு காரணம் இருக்கும்னு சொல்லியே பொழப்ப ஓட்டுறவன். நீங்க சிரிச்சாலும் சரி, நடந்தத சொல்லிடுறேன்.

எங்கக்கா தேயிலை எஸ்டேட்ல கொழுந்து வெட்டுது. அதுக்கு ஒரே பொண்ணு, யாழினி. பாலர் பள்ளிக்குப் போக சேப்பு மழைக்கோட்டு வேணும்னு அழுதுச்சு, அக்காவும் ஒரு வெப்சைட்ல பாத்து வெச்சுச்சு, நாலு வயசு சைஸ். வாங்குறதுக்குள்ள காய்ச்சல் வந்து பிள்ள போயிருச்சு. அதுக்கப்புறம் அக்கா போன எப்பத் தொறந்தாலும் அந்தக் கோட்டு விளம்பரந்தான். "தம்பி, என்னால பாக்க முடியலடா, நிறுத்திக் குடு"ன்னு வந்து நின்னுச்சு.

இதுல மாயமில்லக்கான்னேன். வெப்சைட்டுக்குள்ள போனா அது நம்ம போன்ல சின்னதா ஒரு குறிப்பு போட்டு வெச்சுக்கும், குக்கீஸ்னு பேரு, நாம என்ன பாத்தோம்னு அதான் ஞாபகம் வெச்சிருக்கும். செட்டிங்ஸ்ல போயி எல்லாத்தயும் அழிச்சேன், வெளிக் கம்பெனி குக்கீஸ் வராம தடுத்தேன், இனிமே எந்த சைட்டு கேட்டாலும் 'ரிஜெக்ட்' அமுக்குன்னு சொல்லிக் குடுத்தேன். விளம்பரம் நின்னுச்சு.

பிள்ளையோட பொறந்த நாளன்னிக்கு திரும்ப வந்துச்சு. அதே கோட்டு, அஞ்சு வயசு சைஸ்.

ஏதாச்சும் மிச்சம் இருந்திருக்கும்னு மறுபடி அழிச்சேன். அடுத்த பொறந்த நாளு, ஆறு. போனயே மாத்தினேன், நம்பரு, ஈமெயிலு எல்லாம் புதுசு, அப்பவும் ஏழு வந்துச்சு. அந்த வெப்சைட்டுக்குள்ள போயி பாத்தா அந்தக் கோட்டு ஏழு சைஸ் வரைக்குந்தான் இருக்கு, அதுக்கு மேல செய்யறதே இல்ல. அப்பாடா, இதோட முடிஞ்சுச்சுன்னு நெனச்சேன்.

இந்த வருஷம் பொறந்த நாளன்னிக்கு மத்தியானம் நல்ல மழை, ரோடே தெரியாம பனி எறங்கியிருந்துச்சு. அக்கா நனைஞ்சுகிட்டே கடைக்குள்ள வந்து போன நீட்டுச்சு. சேப்புக் கோட்டு. சைஸ் எட்டு.

நான் அத அமுக்கினேன், சைட்டு தொறந்து குக்கீஸ் வேணுமா வேணாமான்னு கேட்டுச்சு. ஊருக்கெல்லாம் 'ரிஜெக்ட்' அமுக்கச் சொல்றவன், பழக்கத்துல வெரல கொண்டு போனேன். அக்கா என் கையப் பிடிச்சுகிச்சு.

"வேணான்லா தம்பி. வளருதுடா அது" அப்படின்னு சொல்லி, தானே 'அக்செப்ட்' அமுக்கிருச்சு. அப்புறம் ஈர மொகத்தோட என்னயப் பாத்து கேட்டுச்சு:

"அடுத்த வருஷம் ஒம்போது வரும்ல?"

வரும்க்கான்னு சொன்னேன். வந்துருமோன்னு பயமா இருக்கு, வராம போயிருமோன்னு அதவிட பயமா இருக்கு.