குனியாத அக்காவும் கை தூக்காத நானும்

எங்கள் வீட்டுச் சமையலறையில் எல்லாச் சாமானும் இடுப்பு உயரத்தில்தான் இருக்கும். பருப்பு டப்பா, சீனி டப்பா, காலண்டர்கூட. மேல்தட்டு மூன்று வருஷமாகக் காலி. என் வலது தோள்பட்டை, கையைத் தலைக்கு மேல் போகவிடாது. மீறித் தூக்கினால் கழுத்திலிருந்து விரல் நுனி வரைக்கும் சுளீரென்று இழுக்கும். எனக்குத் தலை பின்னிவிடுவது மகளின் வேலையாகிவிட்டது. காலேஜுக்குக் கிளம்புகிற அவசரத்தில் அவள் போடும் பின்னல் ஒருநாள் இடப்பக்கம் போகும், ஒருநாள் வலப்பக்கம் போகும். அட்டுவம்பட்டியிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க முடியாது. மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு யார் மேலாவது சாய்ந்துகொண்டுதான் போவேன்.

வேலை ஒரு லாட்ஜில். பன்னிரண்டு ரூமை நானும் இன்னொரு அக்காவும் சுத்தம் செய்வோம். அந்த அக்காவின் அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். நாம் 'முடியாது' என்போம், அவர்கள் 'ஏலாது' என்பார்கள். நான் நெட்டை, அக்கா குட்டை. அதனால் மேனேஜர் முதல் நாளே வேலையைப் பிரித்துவிட்டார். திரைச்சீலை, ஜன்னல், ஒட்டடை எல்லாம் எனக்கு. தரை, பாத்ரூம், கட்டிலுக்கு அடி எல்லாம் அக்காவுக்கு. அப்போது என் தோள் நன்றாகத்தான் இருந்தது. பிறகு வலி வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. சீசன் நேரத்தில் பக்கத்து ஊர் வில்பட்டியிலிருந்து வேலை கேட்டு வருகிறவர்கள் வாசலில் நிற்பார்கள். 'முடியலன்னா வீட்ல இரும்மா' என்று மேனேஜர் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

ஆகவே இடது கையால் தட்டினேன். எட்டினது எட்டியது, எட்டாதது கிடந்தது. கட்டிலுக்கு அடியில் பார்த்தால் அங்கேயும் அப்படித்தான், தூசி சுருண்டு கிடக்கும். அக்கா சோம்பேறி என்று மனதுக்குள் முடிவுகட்டி, பல மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். அக்காவும் என்னிடம் அளந்துதான் பேசினார்கள்.

ஒரு மே மாதக் காலையில், மறந்து வைத்த துடைக்கிற துணியை எடுக்க ஏழாம் நம்பர் ரூமுக்குத் திரும்பிப் போனேன். அக்கா நின்றபடியே கால் கட்டைவிரலால் ஒரு தலையணை உறையைக் கவ்வி, மெல்ல மெல்ல மேலே தூக்கிக்கொண்டிருந்தார்கள். முழங்கால் வரைக்கும் வந்ததும் கையால் பிடித்துக்கொண்டார்கள். சர்க்கஸ் மாதிரி இருந்தது. சிரித்துவிட்டேன். திரும்பிப் பார்த்த அக்காவின் கண்ணில் தண்ணீர் நின்றது.

"குனிய ஏலாது புள்ள. நாலு வருஷமா இடுப்பு நோவு. யார்கிட்டயும் சொல்லிராத."

நான் என் வலது கையைத் தூக்கிக் காட்டினேன். தோளுக்குச் சமமாக வந்ததும் அது நின்றுவிட்டது. "என்னால இம்புட்டுத்தான் முடியும்க்கா" என்றேன்.

அக்கா என் கையையே பார்த்தார்கள். பிறகு ஒட்டடை படிந்த மூலையை அண்ணாந்து பார்த்தார்கள். நான் வேண்டுமென்றே விட்டுவைக்கிறேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்களாம். இரண்டு பேரும் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்து சிரித்தோம். சிரித்தால் எனக்குத் தோள் வலித்தது, அக்காவுக்கு இடுப்பு வலித்தது. அதற்கும் சிரித்தோம்.

அன்றைக்கே வேலையை மாற்றிக்கொண்டோம். அக்காவுக்கு மூன்று படி வைத்த ஸ்டூல். அவர்களுக்கு ஏறுவதிலும் நிமிர்ந்து நிற்பதிலும் கஷ்டமில்லை. எனக்குத் தரை, பாத்ரூம், கட்டிலுக்கு அடி. மெத்தையை மட்டும் தூக்காமல் இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினோம்.

நாலாம் நாள் மேனேஜர் பார்த்துவிட்டார். ஸ்டூல் மேல் குட்டை நிற்கிறது, கட்டிலுக்கு அடியில் நெட்டை கிடக்கிறது. என்ன சோலி இது என்று கேட்டார். பொய் சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் அக்கா ஸ்டூல் மேலிருந்தே இரண்டு பேர் கதையையும் சொல்லிவிட்டார்கள். அவர் ரூமைச் சுற்றிப் பார்த்தார். எந்த மூலையிலும் ஒட்டடை இல்லை. "ஸ்டூல் ஆடாமப் பாத்துக்கங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மதியத்துக்குள் விஷயம் கிச்சனுக்குப் போய், காய் நறுக்கும் அம்மா தனக்கும் முழங்கால் வலி, உட்கார்ந்து நறுக்க உயரமாக ஒரு நாற்காலி வேண்டும் என்று கேட்டுவிட்டார்கள். அதுவும் வந்தது.

வலி போய்விடவில்லை. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி டீ வேளையில் நான் சுவரில் விரலை நகர்த்தி நகர்த்தி ஏற்றுவேன். துணி மடிக்கும் மேஜையில் அக்கா மல்லாந்து படுத்துக்கொண்டு, எத்தனாவது செங்கல் வரைக்கும் ஏறினேன் என்று எண்ணுவார்கள்.

போன ஜூனில் மூன்று நாள் விடாமல் மழை. குளிரில் இரண்டு பேருக்குமே ஆகவில்லை. லீவு கேட்க வேண்டியிருந்தது. அதுவரைக்கும் இப்படி ஒரு நாள் வந்தால் காய்ச்சல் என்போம், இல்லாத சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தைச் சொல்வோம். அன்றைக்கு மேனேஜருக்குப் போன் போட்டு, "தோள் வலி சார், நாளைக்கு வந்துர்றேன்" என்றேன். சரிம்மா என்று வைத்துவிட்டார். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பத்து மணி வரைக்கும் தூங்கினேன்.