வேனை எங்கே நிறுத்துவது?

இனிக் குணமாகாது என்று ஆஸ்பத்திரி அனுப்பிவிட்டவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்து, வலி தெரியாமல் வைத்திருப்பது நர்ஸான என் வேலை; எங்கள் ஊரில் நர்ஸை 'மிஸ்ஸி' என்பார்கள். சாவு என்றதும் பேச்சை மாற்றுகிறவர்தானே நீங்களும்? கோபிக்காதீர்கள், நம் எல்லாருக்கும் அதே பயம்தான்.

வைட்டமின் ஊசி

ஸ்கூடாயில் ஒரு வீடு; தெருமுனையில், எங்கள் பக்கம் எங்கும் இருக்கிற மாமாக் சாப்பாட்டுக் கடை. எங்கள் வேனின் பக்கவாட்டில் இறுதிக்கால நோயாளிகளுக்கான சேவை என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். அதைப் பார்த்ததுமே நோயாளியின் மகள் கேட்டுக்கு ஓடி வந்துவிட்டார். பக்கத்து வீட்டார் பார்க்கிறார்களா என்று அங்கும் இங்கும் ஒரு பார்வை.

"மிஸ்ஸி, வண்டிய மாமாக் கடைக்கிட்ட நிறுத்திட்டு நடந்து வாங்க லா. அப்பாகிட்ட வைட்டமின் ஊசின்னு சொல்லுங்க."

தேநீர் வரும்வரை

ரெங்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். மனைவியைத் தேநீர் போட அனுப்பிவிட்டு, "இன்னும் எவ்வளவு நாள்?" என்று கேட்டார். சில வாரம் என்றேன். தலையாட்டினார். மனைவிக்கு மட்டும் தெரிய வேண்டாம், பயந்துவிடுவாள் என்றார்.

அந்த அம்மாவுக்கு நான் முன்பே சொல்லியாயிற்று. வேன்வரை கூடவே வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவருக்கு ஒன்னுமே தெரியாது மிஸ்ஸி. பேச்சுவாக்குல சொல்லிடாதீங்க."

பாலம்

யோங் பெங்கில் ஒரு தாய். மகனுக்குப் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை. அம்மாவின் மூச்சு மாறிவிட்டது, உடனே வாருங்கள் என்று போன் செய்தேன். அழுவார் என்று நினைத்தேன்.

"சீனப் பெருநாள் முடியிற வரைக்கும் தாங்குவாங்களா மிஸ்ஸி? இப்ப பாலம் ரொம்ப ஜாம்."

எங்கள் வீடு

போன மாதம் என் கணவருக்குக் கழுத்தில் ஒரு கட்டி. சதையைக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நேற்று மாலை வேலை முடிகிற நேரத்தில் கிளினிக்கிலிருந்து அழைத்தார்கள். போனில் சொல்ல முடியாதாம், அவரையும் அழைத்துக்கொண்டு நேரில் வரச் சொன்னார்கள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். நானே எத்தனை பேரிடம் அப்படிப் பேசியிருக்கிறேன்.

வழியெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது என்று பேசிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும், "ரிசல்ட் வந்துச்சா?" என்றார். இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டு நேரே அடுப்படிக்குப் போனேன். அவர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"வாசல்லதான் இடம் இருக்கே, வேனை ஏன் மாமாக் கடைக்கிட்ட நிறுத்திட்டு வந்தே?"

இத்தனைக்கும் ஊருக்கெல்லாம் தைரியம் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.