நான் அழித்த வரிகள்

இசைப் பள்ளியில் கடைசி வருடம். ஆண்டு விழாவில் வீணையும் வயலினும் சேர்ந்து வாசிக்க எங்கள் இருவரையும் ஆசிரியை ஜோடி சேர்த்தார். வீணை நான். காளையார்கோவில் பக்கம் விவசாயக் குடும்பம். தினமும் பஸ்ஸில் காரைக்குடிக்கு வந்து போவேன். வயலின் வாசித்தவர் கீழச்சிவல்பட்டித் தச்சர் வீட்டுப் பிள்ளை. இரண்டு வருடம் ஒரே கட்டடத்தில் படித்தும் அதுவரை நாங்கள் பேசியதில்லை.

முதல் வாரம் சண்டைதான். அவருடைய வில் சத்தத்தில் என் வீணை எடுபடவில்லை.

“நீங்க வாசிக்கிறது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்குது. நான் வாசிக்கிறது எனக்கே கேக்கல.”

“கொஞ்சம் அழுத்தி மீட்டுங்களேன்.”

“அழுத்துனா சொரம் கெட்டுப்போகும். நீங்கதேன் கொறைக்கணும்.”

மறுநாள் அவர் வில்லை மெதுவாக இழுத்தார். என் தந்தியின் அதிர்வு அடங்கும்வரை காத்திருந்து, அதன் பிறகே தன் ஸ்வரத்தைத் தொட்டார். எங்கள் வீட்டில் நான் ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்கும்வரைகூட யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை.

ஒத்திகை முடிந்து பஸ் ஏறியதும் போனில் எழுத ஆரம்பித்தோம். முதலில் தாளம் எங்கே ஓடியது என்பது பற்றி. பிறகு எல்லாவற்றையும் பற்றி. ‘ஒங்களப் பிடிச்சிருக்கு’ என்று முதலில் எழுதியது நான்தான். அவர் பதில் எழுதவில்லை. மறுநாள் ஒத்திகையில் கை வியர்த்து வியர்த்து, வில்லைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு தினமும் எழுதினார்.

பயத்தில், வீடு வருவதற்குள் நான் எழுதியதையெல்லாம் என் போனிலிருந்து அழித்துவிடுவேன். அவர் எழுதியதை அழிக்க மனசு வரவில்லை. அதனால் ஒருநாள் அண்ணன் கையில் போன் சிக்கியபோது, அவருடைய வரிகள் மட்டுமே அதில் இருந்தன. ‘நாளைக்கு வருவேல்ல?’ ‘ஒன்னையப் பாக்காம வாசிக்கவே ஓடல.’

“என்னடி இது? ஆசாரி வீட்டுப் பய இம்புட்டு எழுதியிருக்கான்?”

“நான் ஒண்ணும் எழுதலண்ணே.”

“அவனாத்தேன் எழுதுறானா?”

“ஆமா.”

மறுநாள் காலையில் அண்ணன் என்னைத் தலைமை ஆசிரியர் அறைக்குக் கூட்டிப்போனான். அவரையும் வரவழைத்தார்கள். தலைமை ஆசிரியர் என் போனை வாங்கிப் படித்துவிட்டு, “இந்தப் பையன் ஒனக்குத் தொந்தரவு குடுத்தானாம்மா?” என்று கேட்டார்.

வயலின்காரருடைய போன் அவர் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்தது. நான் எழுதியது அத்தனையும் அதில் பத்திரமாக இருக்கும். எடுத்து நீட்டினால் போதும்.

“ஆமா சார்,” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, என் தோளை ஒட்டி நின்ற அண்ணனைப் பார்த்தார்.

“நாந்தேன் சார் எழுதுனேன். அவுக ஒண்ணும் சொல்லல.”

போனை அவர் தொடவில்லை. அன்றே அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். விழாவில் வேறொரு மாணவியின் வயலினோடு நான் வாசித்தேன். அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்து வீடியோ எடுத்தான்.

பரீட்சை முடிந்த மறுநாள், யாரிடமும் சொல்லாமல் கீழச்சிவல்பட்டிக்குப் போனேன். வாசலில் அவருடைய அப்பா ஒரு கதவுக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னேன். முதலில் எழுதியது நான்தான் என்பதையும் சொன்னேன்.

அவர் எழுந்து நின்றார். “பொண்ணத் தொந்தரவு பண்ணிட்டான்னு சொன்னாகம்மா. நம்பித்தேன் அவன அடிச்சேன். அப்பக்கூட அவன் வாயத் தொறக்கல.”

“இப்ப எங்க இருக்காரு?”

“கோயமுத்தூரு. கம்பெனி வேலை.”

நம்பர் கேட்டேன். தரவில்லை. “அவன்கிட்ட நாஞ் சொல்லிக்கிறேன். நீங்க வீட்டுக்குப் போங்க,” என்றார். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, அதில் நியாயம் இருந்தது.

அன்று சாயங்காலமே அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். “நான் என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு அவனப் போயிப் பாக்குறது?” என்றான். அவன் போகவில்லை. தலைமை ஆசிரியரிடம் நானே போய்ச் சொன்னேன். அடுத்த வருடம் வந்து பரீட்சை எழுதலாம் என்று கீழச்சிவல்பட்டிக்கு, அவர் பேருக்குக் கடிதம் போட்டார்கள். அவர் வரவில்லை.

இப்போது நான் பிள்ளைகளுக்கு வீணை சொல்லிக்கொடுக்கிறேன். அவர் மறுபடி வயலினை எடுத்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கு இருப்பதாகவும் நான் நினைக்கவில்லை.