ஜாடிக்குள் மூச்சு

"மெழுகுவர்த்தி அணையலன்னு ராத்திரி வரைக்கும் உக்காந்திருந்தியா? இன்னொரு நாள் லேட்டானா வேலையே வேண்டாம், எழுதிக் குடுத்துட்டு வந்துடு."

"அது அணையாம நான் எப்படிங்க கிளம்புறது?"

அடுத்த வீட்டுச் சண்டை. காதைப் பொத்திக்கொள்ளும் பழக்கம் எனக்கில்லை. ஊர் வம்பில் கொஞ்சம் உப்புக் காரம் சேர்ப்பேன்தான். இதில் சேர்க்கவில்லை. என் கண்ணால் பார்த்தது.

அவள் ஆஸ்பத்திரி லேபில் கிருமி வளர்ப்பவள். தெருவில் அவள் பெயரே கிருமிக்காரிதான். வைத்தது யாரென்று கேட்காதீர்கள். சாட்சிக்கு நான் போகிறேன் என்று அவள் புருஷனிடம் சொல்லிவிட்டு, ஞாயிறு மதியம் கூடவே கிளம்பினேன்.

லேபில் நாங்கள் இருவர்தான். சில கிருமிகளுக்கு நம்முடைய காற்று ஒத்துக்கொள்ளாதாம். கிருமி தடவிய தட்டுகளைக் கண்ணாடி ஜாடியில் அடுக்கி, உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றி, இறுக மூடிவிடுவாள். தீ உள்ளிருக்கும் காற்றைத் தின்றுவிட்டு ஓரிரு நிமிஷத்தில் தானே அணையும். பிறகுதான் ஜாடி, கிருமி வளர்வதற்கான சூட்டுப் பெட்டிக்குள் போகும். இந்தக் கிருமி மாமியாரைவிட அதிகமாகப் பிகு பண்ணுகிறதே என்றேன். அவள் சிரிக்கவில்லை.

மூடினாள். மணி 2.10.

2.25. சுடர் எரிந்துகொண்டிருந்தது.

மூடியைத் தொட்டுப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. ஃபேன் ஓடவில்லை. ஆனால் சுடர் சாய்ந்தது... நிமிர்ந்தது... மறுபடி சாய்ந்தது.

யாரோ மூச்சு விடுகிற மாதிரி.

கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்தது. அடிவிளிம்பை ஒட்டி. வட்டமாக. ஒரு வாய் அளவுக்கு.

"திறந்துடு" என்றேன்.

"முடியாதுக்கா. தட்டுல இருக்கறது வார்டுல கிடக்கற ஒரு குழந்தையோட முதுகுத்தண்டு நீர். மறுபடி எடுக்க முடியாது."

ஆவி மறைந்தது. படிந்தது. மறைந்தது. வேகமாக...

உள்ளே 'ஹ்ஹா' என்று ஒரு சத்தம்.

பிறகு ஆவி படியவில்லை.

சுடர் அணைந்தது.

கிருமி நன்றாகவே வளர்ந்தது. குழந்தையும் பிழைத்தது. அவள் வேலைதான் போனது. நான் சொன்ன சாட்சியைக் கேட்டதும் புருஷன் மறுநாளே எழுதிக் கொடுக்க வைத்துவிட்டான். இத்தனை வருஷத்தில் என் பேச்சை முழுசாக நம்பிய ஒரே ஆள்.

வீடு காலி செய்து வேறு ஊருக்குப் போகிற அன்று, சாமான் வண்டி கிளம்பும் முன் அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். லேபின் பழைய ஆள் ஒருவர் இப்போதுதான் வாயைத் திறந்தாராம். ஜாடி வைக்கும் மேசை இருக்கிற இடத்தில் முன்பு கிருமி வளர்க்கிற ஒரு சூட்டறை இருந்ததாம். அவளுக்கு முன்னால் வேலை பார்த்தவர் அதற்குள் மாட்டிக்கொண்டார். உள்ளே இருந்த கேஸ் சிலிண்டர் கசிந்துவிட்டது. கதவடி இடுக்கில் வாயை வைத்தபடி செத்துக் கிடந்தாராம்.

அவர் மனைவி மறுவருஷமே வேறு கல்யாணம் செய்துகொண்டாராம்.

மாப்பிள்ளை, அன்று அந்தக் கதவை வெளியே பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனவர்.