வெட்டாமல் போட்ட படம்

நிருபர் வேலை என்பது ஊரில் உள்ள எல்லோருடைய பெயரையும் போட்டுவிட்டு, தன் பெயரைப் போடாமல் வீட்டுக்குப் போகிற வேலை. இதில் அடிபட்டவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். சேர்ந்த நாற்பதாவது நாளில் நான் பட்ட அடியைச் சொல்கிறேன். உங்கள் காயத்துக்குக் கொஞ்சம் மருந்தாக இருக்கட்டும்.

ஒரே மீசை

பேட்டையில் லேத் பட்டறை நடத்திய பெரியவர் ஒருவர் இறந்துபோனார். துட்டி வீட்டில் செய்திக்குப் படம் கேட்டேன். யாரோ செல்போனில் அனுப்பினார்கள். கோயில் கொடைத் திருவிழாவில் எடுத்தது. பெரியவரும் அவர் தம்பியும் தோளோடு தோள் நிற்கிறார்கள். ஒரே மீசை, ஒரே வழுக்கை, ஒரே வெள்ளைச் சட்டை. இதில் யார் என்று கேட்டிருக்க வேண்டும். எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள், கேட்கக் கூசியது. வலது பக்கம் நின்றவர் வயதில் மூத்தவராகத் தெரிந்தார். அவரை மட்டும் வெட்டி அனுப்பினேன்.

மறுநாள் காலை செய்தி ஆசிரியர் போன் செய்தார். கோபம் ஏற ஏற அவர் குரல் தாழும். அன்று போனைக் காதோடு அழுத்தித்தான் கேட்க முடிந்தது. "ஏலே, நீ சாவடிச்ச ஆளு இப்பத்தான் ஆபீசுக்குப் போன் போட்டுப் பேசுனாரு. நேர்ல போயி அவரு மனச ஆத்திட்டு வா. முடியலன்னா இங்கன வராத, அப்படியே வீட்டுக்குப் போயிரு."

செத்தவர் கொடுத்த கடுங்காப்பி

தம்பிக்காரர் பந்தலில் உட்கார்ந்திருந்தார். நான்தான் அந்த நிருபர் என்றதும் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் எழுந்தார்கள். அவர் கையமர்த்திவிட்டு எனக்குக் கடுங்காப்பி கொடுத்தார். பட்டறைக்கு நடுவே சுவர் வைத்துப் பிரிந்து, அண்ணனோடு ஆறு வருஷமாகப் பேச்சில்லையாம். பத்திரிகைப் படத்தைப் பார்த்துத் தம்பிதான் போய்விட்டார் என்று அழுதுகொண்டு வந்தவர்கள், அவரையே பந்தலில் பார்த்துத் திடுக்கிட்டு, அண்ணனுக்காக அழ உள்ளே போனார்களாம். மன்னிப்பெல்லாம் வேண்டாம் என்றார்.

"கொடையில சித்தப்பா மவன் புடிச்சு இழுத்து நிறுத்துன படம்வே அது. அதுதான் நாங்க கடைசியா சேந்து நின்னது. திருப்பிப் போடும்போது வெட்டாமப் போடும்."

மூன்று வரிப் பெட்டி

எங்கள் பத்திரிகையில் திருத்தம் என்றால் மூலையில் ஒரு பெட்டி, மூன்று வரி. படம் கிடையாது, தப்பை மறுபடி எதற்குக் காட்ட வேண்டும் என்பது வழக்கம். தம்பிக்காரர் கேட்டதைச் சொன்னேன். செய்தி ஆசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தையே பார்த்தார். நான் மனதுக்குள் ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அண்ணனும் தம்பியும் இரண்டு பத்தி அகலத்துக்கு முழுசாக வந்தார்கள், யார் எந்தப் பக்கம் என்ற குறிப்போடு. வேலை பிழைத்த சந்தோஷத்தில் அவர் மேஜை முன்னால் போய் நின்றேன். "என்னலே இளிக்க? அழுதுக்கிட்டு இருக்கவங்ககிட்ட கேக்கக் கூச்சப்படுதவன் நல்ல மனுசனா இருக்கலாம், நிருபரா இருக்க முடியாது. இனிமே மூணு தடவ கேளு."

மூன்றாவது தடவை

அடுத்த வாரமே மேலப்பாளையத்தில் ஒரு தறிக்காரர் மறைந்தார். வாசலில் நின்ற மகனிடம் படத்தை நீட்டி, வாப்பா முகத்தில் விரல் வைத்துக் காட்டச் சொன்னேன். பெயர் கேட்டேன், வயது கேட்டேன், எல்லாவற்றையும் திரும்பக் கேட்டேன். மூன்றாவது தடவை கேட்கும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று ஓர் அடி பின்னால் தள்ளியே நின்றேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"காலைல இருந்து எல்லாரும் அழாத அழாதன்னுதான் சொல்லுதாங்க. வாப்பாவப் பத்திக் கேட்டது நீங்க ஒருத்தர்தான் அண்ணாச்சி. இன்னும் ஏதாச்சும் கேளுங்க."

என்னை நிருபராக ஆக்கியவர்கள் பெரும்பாலும் அழுதுகொண்டிருந்தவர்கள்தான், அவர்களுக்கு என் நன்றி. என்ன, கல்யாண வீட்டுக்குள் நான் நுழைந்தால் மட்டும் ஒரு நிமிஷம் பேச்சு நின்றுவிடுகிறது.